ஓர் இலட்சம் வருடத்துச் சிவப்பு

தென்னாபிரிக்காவின் தென்கரையில், கேப் டவுண் நகரிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 300 கிலோமீற்றர் தொலைவில், இந்து சமுத்திரத்தைப் பார்த்தபடி ஒரு சிறிய குகை இருக்கிறது. புளொம்போஸ் என்பது அதன் பெயர். 1990களின் தொடக்கத்திலிருந்து கிறிஸ்டோபர் ஹென்ஷில்வுட் என்ற தொல்லியலாளரும் அவருடைய குழுவினரும் அங்கே படை படையாக மண்ணை நீக்கித் தேடி வருகின்றனர். 2008 ஆம் ஆண்டு அவர்களுக்குக் கிடைத்தவை இரண்டு பெரிய சிப்பி ஓடுகள். அபலோன் என்று அழைக்கப்படும் கடலுயிரியின் ஓடுகள் அவை. இரண்டின் உட்புறத்திலும் சிவப்பு ஒட்டியிருந்தது.

2011 இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் அதன் விபரம் வெளியாயிற்று. காவிக்கல்லைக் குவாட்சைற் கல்லில் உரைத்துத் தூளாக்கியிருக்கிறார்கள். விலங்கின் எலும்பைச் சூடாக்கி நொறுக்கிச் சேர்த்திருக்கிறார்கள். கரித்தூளும் ஏதோ ஒரு திரவமும் சேர்த்துச் சிப்பிக்குள் குழைத்திருக்கிறார்கள். குழைத்தபோது உண்டான மெல்லிய கீறல்கள்கூட ஓட்டின் உட்புறத்தில் தெரிகின்றன. நாய்க் குடும்பத்து விலங்கொன்றின் மெலிந்த முன்கால் எலும்பும் பக்கத்தில் கிடந்தது. குழம்பை எடுக்க அது உதவியிருக்கும். அந்தப் படையில் வேறு பொருட்கள் மிகக் குறைவு. யாரோ வந்திருக்கிறார்கள், நிறம் குழைத்திருக்கிறார்கள், பாத்திரங்களைக் கழுவாமலே வைத்துவிட்டு எழும்பிப் போயிருக்கிறார்கள். பிறகு காற்று மணலைக் கொண்டுவந்து மூடிவிட்டது. அது நடந்து இன்றைக்கு ஏறத்தாழ 100,000 வருடம்.

இதை இங்கே எழுத ஒரு காரணம் இருக்கிறது.

எங்கள் பாடசாலைக்குச் சித்திர பாட ஆசிரியர் நியமிக்கப்படவில்லை. வரலாறு படிப்பிக்கும் நானே தரம் ஆறுக்கும் ஏழுக்கும் வாரத்தில் இரண்டு பாடவேளை சித்திரமும் பார்த்துக்கொள்கிறேன். ஆசிரியர் கூட்டமொன்றில் கணித பாடப் பெறுபேறுகள் பற்றிய பேச்சு எழுந்தது. கணிதம் படிப்பிக்கும் சக ஆசிரியர் அந்த இரண்டு பாடவேளைகளையும் தனக்குத் தரச் சொன்னார். பிள்ளைகளுக்காக மாலையிலும் தங்கி நின்று இலவசமாகக் கற்பிக்கிற மனிதர் அவர். அவருடைய கவலை உண்மையானது.

"படம் கீறிச் சோறு தின்னலாமா சேர்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் விடவில்லை.

"நாமெல்லாம் கலாசாலையில படிச்சதுதானே. மாஸ்லோ என்ன சொல்றார்? முதல்ல வயிறு. பிறகு வீடு, பாதுகாப்பு. அழகெல்லாம் கடைசித் தட்டு. எங்கட புள்ளைகள் இன்னும் முதல் தட்டிலதான் நிக்குது."

ஆசிரியர் கலாசாலையில் படித்த எவருக்கும் அந்தத் தட்டுக்கள் மறக்காது. ஏப்ரகாம் மாஸ்லோ 1943 இல் எழுதிய தேவைகளின் படிநிலைக் கொள்கையை ஒரு முக்கோணமாகக் கீறி, அடியில் பசியையும் தாகத்தையும் எழுதி, உச்சிக்கு ஏறிக்கொண்டே போகும்படிதான் எங்கள் விரிவுரையாளர் விளங்கப்படுத்தினார். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கும். பசித்த பிள்ளைக்கு முன்னால் நிற்கிற எந்த ஆசிரியனும் அதை மறுக்கமாட்டான். ஆனால் இந்த முக்கோணத்தை மனித குலத்தின் வரலாறாக வாசிக்கத் தொடங்கும்போதுதான் சிக்கல் வருகிறது. முதலில் மனிதன் வேட்டையாடினான், வயிறு நிறைந்தது, குகைக்குள் குந்தியிருக்க நேரம் கிடைத்தது, பொழுது போகாமல் படம் கீறினான் என்று கதை போகும். பாடப் புத்தகங்களிலும் பொது அறிவு நூல்களிலும் நெடுங்காலமாக இந்தக் கதையே சொல்லப்பட்டு வந்தது.

மண்ணுக்குள் கிடப்பவை வேறு கதை சொல்கின்றன.

சாம்பியாவில் ருவின் ரிவர்ஸ் என்ற இடத்தில் 300க்கும் மேற்பட்ட நிறக்கல் துண்டுகளை லோரன்ஸ் பார்ஹாம் கண்டெடுத்தார். அவை 2 இலட்சம் வருடங்களுக்கும் பழையவை. கென்யாவின் ஒலோர்கெசைலியில் ஏறத்தாழ 3 இலட்சம் வருடத்து நிறக்கற்கள் கிடைத்த செய்தி 2018 இல் வெளியானது. அங்கு ஆயுதம் செய்யப் பயன்பட்ட கரும்பளிங்குக் கல்லும் வெகு தூரத்திலிருந்து கொண்டுவரப்பட்டதே. தென்னாபிரிக்காவின் பினக்கிள் பொயின்ற் குகையில், 164,000 வருடங்களுக்கு முன்னர் சிப்பி பொறுக்கித் தின்ற மனிதர்கள் அதே காலத்தில் காவியையும் உரைத்திருக்கிறார்கள். ஆபிரிக்கா முழுவதிலும் கிடைத்த சான்றுகளைத் தொகுத்து 2022 இல் வெளிவந்த ஆய்வொன்று, ஏறத்தாழ 160,000 வருடங்களுக்கு முன்பிருந்து காவியின் பாவனை வழமையான பழக்கமாகிவிட்டது என்கிறது. வேளாண்மை தோன்றி இன்னும் 12,000 வருடமளவில்தான் ஆகிறது. சோறு சமைக்கத் தொடங்குவதற்கு வெகு காலத்துக்கு முன்பே மனிதன் நிறம் குழைத்துவிட்டான். அவன் வயிறு நிறைந்து ஓய்ந்திருந்தவனும் அல்லன். அன்றைய இரையை அன்றன்றைக்குத் தேடி அலைந்தவன். அந்த அலைச்சலுக்கு நடுவில்தான் ஒரு கல்லைத் தேடி எடுத்து, சுமந்து வந்து, மணிக்கணக்காக உரைத்திருக்கிறான்.

இதிலே விவாதம் இல்லாமலில்லை. காவி வெறும் அலங்காரப் பொருளல்ல, அதற்குப் பயன் உண்டு என்று காட்டிய அறிஞர்கள் இருக்கிறார்கள். தென்னாபிரிக்காவின் சிபுடு குகையை ஆராய்ந்த லின் வாட்லி, மரப்பிசினோடு காவித்தூளைக் கலந்தால் கல்லாயுதம் பிடியோடு உறுதியாக ஒட்டிக்கொள்ளும் என்பதைத் தானே செய்து பார்த்து நிறுவினார். தோல் பதனிடவும் காவி உதவும். வெயிலிலிருந்து உடம்பைக் காக்கவும் உதவும். நமீபியாவில் வாழும் ஹிம்பா சமூகத்துப் பெண்கள் இன்றும் வெண்ணெய்க் கொழுப்பில் காவியைக் குழைத்து உடம்பிலும் தலைமுடியிலும் பூசிக்கொள்கிறார்கள். அந்தப் பூச்சு சூரியக் கதிர்களைத் தடுக்கிறது என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன.

அப்படியானால் கணித ஆசிரியர் சொன்னது சரிதானே என்று கேட்கலாம். பயன்தானே முதலில் வருகிறது?

எனக்கு அப்படித் தோன்றவில்லை. புளொம்போஸ் சிப்பிகளில் இருந்த கலவையில் பிசினோ மெழுகோ இல்லை. ஆகவே அது பசையாக இருந்திருக்க இடமில்லை. பினக்கிள் பொயின்றில் கிடைத்த துண்டுகளை இயன் வற்ஸ் வகைப்படுத்திப் பார்த்தபோது, மிகுந்த சிவப்பான துண்டுகளே அதிகமாக உரைக்கப்பட்டிருந்தன. ஒட்டுவதற்கும் வெயில் மறைப்பதற்கும் மஞ்சட் காவியும் போதுமே, ஏன் சிவப்பையே தேடவேண்டும்? மஞ்சட் காவியை நெருப்பிலிட்டால் சிவக்கும். மஞ்சள் களிமண் சூளையில் வெந்து செங்கல்லாவதைப் பார்த்த எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது புதிதல்ல. பலஸ்தீனத்தின் கார்மேல் மலையிலுள்ள ஸ்கூல் குகையில், ஏறத்தாழ ஓர் இலட்சம் வருடங்களுக்கு முந்திய படைகளில், நெருப்பில் சூடாகிய காவித் துண்டுகள் கிடைத்திருக்கின்றன.

ஹிம்பாப் பெண்ணிடம் திரும்பிப் போவோம். அவளுடைய காவிப் பூச்சு தோலைக் காக்கிறது. காவி பூசிய அவளுடைய கூந்தலை எப்படிப் பின்னியிருக்கிறாள் என்பதைப் பார்த்து அவள் சிறுமியா, மணமானவளா என்று அவளுடைய சமூகம் அறிந்துகொள்கிறது. இதில் எது பயன், எது குறி? ஒரே விரலால், ஒரே நேரத்தில், இரண்டையும் அவள் பூசிக்கொள்கிறாள். மாஸ்லோவின் முக்கோணத்தில் இதைக் கீழ்த்தட்டில் வைப்பதா, மேல்தட்டில் வைப்பதா?

சிவப்பு எதைக் குறித்தது என்று கேட்டால் முதலில் மனதுக்கு வருவது இரத்தம். பிறப்பிலும் வேட்டையிலும் காயத்திலும் மனிதன் கண்ட நிறம் அது. கிறிஸ் நைற், கமிலா பவர், இயன் வற்ஸ் ஆகியோர் இதை இன்னும் ஒரு படி கொண்டுபோய், பெண்கள் ஒன்றுகூடிச் செய்த சிவப்பு ஒப்பனையிலிருந்தே முதற் சடங்கு பிறந்தது என்று வாதிக்கிறார்கள். எல்லோரும் அதை ஏற்பதில்லை. கல்யாண வீட்டில் முதல் நாளிரவு பெண்கள் கூடியிருந்து மருதோன்றி அரைப்பதையும், மணப்பெண்ணின் கையில் தொடங்கி சின்னப் பிள்ளைகளின் உள்ளங்கை வரை அந்தச் சிவப்புப் பரவுவதையும் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அந்த வாதம் அவ்வளவு விநோதமாகத் தோன்றாது.

மொழியும் இதற்குச் சாட்சி சொல்கிறது. பிரென்ற் பெர்லின், போல் கே என்ற இருவர் 98 மொழிகளின் நிறப்பெயர்களை ஒப்பிட்டு 1969 இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். ஒரு மொழியில் நிறத்துக்கு இரண்டு சொற்கள் மட்டும் இருந்தால் அவை கருமையையும் வெண்மையையும் குறிக்கும். மூன்றாவது சொல் இருந்தால் அது சிவப்பையே குறிக்கும் என்று கண்டார்கள். எங்கள் தமிழில் செம்மை என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள். அது சிவப்பு, அதுவே ஒழுங்கு, நேர்மை, சிறப்பு. ஒரு காரியத்தைச் செம்மையாகச் செய் என்று மாணவனிடம் சொல்லும்போது நாங்கள் அறியாமலே ஒரு நிறத்தின் பெயரைச் சொல்கிறோம்.

பலஸ்தீனத்தில் நாசரேத்துக்கு அருகே கஃப்ஸே என்றொரு குகையும் இருக்கிறது. 92,000 வருடங்களுக்கு முன்னர் அங்கே மனிதர்கள் தங்கள் இறந்தவர்களை அடக்கம் செய்தார்கள். அடக்கங்கள் காணப்படும் கீழ்ப்படைகளில் சிவப்புக் காவித் துண்டுகள் 71 கிடைத்தன. அடக்கங்கள் இல்லாத மேற்படைகளில் காவியும் இல்லை. இறப்பும் நிறமும் அங்கே சேர்ந்து வருகின்றன, சேர்ந்தே மறைகின்றன.

இதை வாசித்தபோது எனக்கு உம்மாவின் நகங்கள் ஞாபகத்துக்கு வந்தன.

வாப்பா மௌத்தானது ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து பதினோராம் நாள். பெருநாளுக்கு முதல் நாள் உம்மா மருதோன்றி இலையை அம்மியில் அரைத்து, பேரப்பிள்ளைகளுக்கெல்லாம் இட்டு, மிஞ்சியதைத் தன்னுடைய பத்து நகங்களிலும் அப்பிக்கொண்டிருந்தார். வாப்பா அதைப் பார்த்துப் பகிடி பண்ணியதும் எனக்கு நினைவிருக்கிறது. இத்தாவில் உட்கார்ந்தபோது உம்மாவின் உடுப்பு வெள்ளையானது. கையிலிருந்ததையும் காதிலிருந்ததையும் கழற்றி வைத்தார். நகத்துச் சிவப்பை மட்டும் கழற்ற முடியவில்லை. உள்ளங்கையின் சிவப்பு சில நாட்களிலேயே மங்கிப் போனது. நகத்திலிருந்தது போகவில்லை. அது வளர்ந்துதான் போகவேண்டும்.

நான்கு மாதமும் பத்து நாட்களும் அந்தச் சிவப்பு நகத்தின் அடியிலிருந்து மெல்ல மெல்ல நுனியை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. அடியில் வெறும் நகம் வளர வளர, மேலே சிவப்பு ஒடுங்கியது. என் சின்ன மகள் ஒருநாள் உம்மாவின் விரலைப் பிடித்து, "மூத்தம்மா, பெருநாள் இவ்வளவுதான் மிச்சமிருக்கு" என்றாள். உம்மா ஒன்றும் பேசவில்லை. இத்தா முடிந்த அன்று கட்டைவிரல் நுனியில் மட்டும் பிறை போல் ஒரு கீற்று மீந்திருந்தது. அதற்குப் பிறகு உம்மா மருதோன்றி இட்டுக்கொள்ளவில்லை. இத்தா முடிந்தபின் அதை யாரும் தடுக்கவில்லை. மற்றவர்களுக்கு அரைத்துக் கொடுப்பார், தன் கையை நீட்டமாட்டார். வீட்டிலே எல்லோருக்கும் அதன் பொருள் விளங்கியிருந்தது. எவரும் அதை வாயால் சொன்னதில்லை.

நிறம் இருப்பதும் பேசுகிறது, இல்லாதிருப்பதும் பேசுகிறது. அதை வாசிக்கத் தெரிந்த இன்னொருவர் இருக்கவேண்டும் என்பதே அதன் ஒரே நிபந்தனை. சோற்றைத் தனியே இருந்து தின்னலாம். குறியைத் தனியே இருந்து உண்டாக்க முடியாது. ஒருவன் கீறியதை இன்னொருவன் ஏற்று, தானும் கீறினால்தான் அது குறியாகிறது. புளொம்போஸ் குகையில் எனக்கு மிகப் பெரிதாகத் தெரிவது இதுதான். 2002 இல், நான் ஆசிரியர் கலாசாலையில் படித்துக்கொண்டிருந்த வருடத்தில், அந்தக் குகையின் இரண்டு காவித் துண்டுகள் உலகுக்குக் காட்டப்பட்டன. ஏறத்தாழ 75,000 வருடத்துக்கு முந்திய அவற்றில் சாய்கோடுகள் ஒன்றையொன்று வெட்டும்படி கீறப்பட்டிருக்கின்றன. 2018 இல் இன்னொன்று வெளியானது. நான்கு சென்றிமீற்றருக்கும் குறைந்த நீளமுள்ள ஒரு கற்சிதறு. அதில் காவிக்கட்டியைப் பென்சில் போலப் பிடித்துக் கீறிய ஒன்பது கோடுகள். ஏறத்தாழ 73,000 வருடம் பழையது. அதிலும் அதே வெட்டுக்கோடுகள். அங்கே செதுக்கல், இங்கே வரைதல். கைகள் வேறு, கல் வேறு, கோலம் ஒன்று. கோடுகள் கல்லின் விளிம்பில் திடீரென நின்றுவிடுவதால் படம் இதைவிடப் பெரிதாக இருந்திருக்கவேண்டும் என்கிறார்கள். மீதிப் படம் எங்கோ உடைந்து கிடக்கிறது.

அதே குகையில் கிடைத்த 41 சிறு சிப்பி மணிகள் பற்றி 2004 இல் எழுதப்பட்டது. துளையிட்டு, நூலில் கோத்து, அணிந்து தேய்ந்த மணிகள். சிலவற்றில் சிவப்பும் படிந்திருந்தது. அந்தச் சிப்பிகள் வாழும் ஆற்று முகத்துவாரம் குகையிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீற்றர் தூரத்தில் இருந்தது. தின்ன முடியாத, நகத்தளவு சிப்பிக்காக யாரோ அந்தத் தூரத்தை நடந்திருக்கிறார்கள்.

ஸ்பெயினின் அல்தமீரா குகை ஓவியங்கள் 1879 இலும், பிரான்ஸின் லாஸ்கோ 1940 இலும் கண்டுபிடிக்கப்பட்டபின், மனித மனம் ஐரோப்பாவில்தான் 40,000 வருடங்களுக்கு முன்னர் திடீரென விழித்தது என்ற எண்ணம் வேரூன்றியிருந்தது. 2000 ஆம் ஆண்டு சாலி மக்பிரியர்ட்டியும் அலிசன் புரூக்ஸும் ஆபிரிக்கச் சான்றுகளை அடுக்கிக் காட்டி, அப்படியொரு புரட்சி நடக்கவில்லை என்று எழுதினார்கள். இந்தோனேசியாவின் சுலவேசியில் 51,200 வருடத்துக்குக் குறையாத பன்றி ஓவியம் ஒன்று 2024 இல் அறிவிக்கப்பட்டது. எங்கள் நாட்டிலும் களுத்துறை மாவட்டத்துப் பாஹியங்கல குகையில், 48,000 வருடப் பழைமையான அம்பு முனைகளோடு தொடங்கும் படைகளைப் பற்றிய ஆய்வு 2020 இல் வெளிவந்தது. கடற்சிப்பி மணிகளும் காவி மணிகளும், பாவித்துத் தேய்ந்த சிவப்பு, மஞ்சள், வெள்ளி நிறக் காவிகளும் அங்கே கிடைத்திருக்கின்றன. பண்பாடு எங்கோ ஓரிடத்தில் பிறந்து, மற்றவர்களுக்குப் பிச்சையாக வந்து சேர்ந்தது என்று எவரும் எங்கள் பிள்ளைகளுக்கு இனிச் சொல்ல முடியாது.

கூட்டத்தில் இவ்வளவையும் நான் பேசவில்லை. இரண்டு சிப்பிகளின் கதையை மட்டும் சொன்னேன். கணித ஆசிரியர் கவனமாகக் கேட்டார். "கலவை எண்டா அளவு இருந்திருக்கும். அப்ப அவனுக்குக் கணக்கும் தெரிஞ்சிருக்கு" என்றார். இம்முறை சிரிப்பு வேறு விதமாக இருந்தது. கடைசியில் ஒரு பாடவேளை அவருக்குப் போயிற்று, ஒன்று சித்திரத்துக்கே மிஞ்சியது.

மிஞ்சிய அந்தப் பாடவேளையில், நிறப்பெட்டி வாங்க வசதியில்லாத பிள்ளைகள் பலர் என்பதால், வீதியிலிருந்து கிறவல் கற்களைப் பொறுக்கி வரச் சொன்னேன். மரத்தடியில் தட்டையான கல் வைத்து உரைத்தோம். சிவந்த கல்லுக்கே போட்டி. தண்ணீரில் குழைத்தது காய்ந்ததும் உதிர்ந்தது, தேங்காய் எண்ணெயில் குழைத்தது ஒட்டிக்கொண்டது. பாடசாலைக் கிணற்றுக்கட்டின் பின்புறத்தில் கீறிக்கொள்ள அனுமதித்தேன். மீன், வள்ளம், பிறை, கிரிக்கட் மட்டை எல்லாம் வந்தன.

அவற்றுக்கு நடுவில் ஒரு சிறுமி மூன்று சாய்கோடுகளைக் கீறி, அவற்றை ஒரு வளைகோட்டால் வெட்டிவிட்டுப் போயிருந்தாள். அடுத்த கிழமை அதற்குக் கீழே அதே போல் இன்னொன்று, வேறொரு கையால். அதற்கடுத்த கிழமை வாங்கில், அப்பியாசக் கொப்பியின் மட்டையில், ஒரு பையனின் புறங்கையில்.

அது என்ன என்று கேட்டேன். தரம் ஆறுப் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

"அது எங்கட, சேர்" என்றாள் அந்தச் சிறுமி.